வலது கை

"இந்த வயசுல கையை எதுக்கு டாக்டர் கீறணும்? கழுத்துல குழாய் போட்டுடுங்க. பாவம், அவ தாங்கமாட்டா" என்றார் கணவர்.

சிறுநீரகம் கைவிட்ட மனைவிக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் சில மாதங்களில் டயாலிசிஸ் தொடங்கியாக வேண்டும்; ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரிக்க அதற்குள் உடம்பில் ஒரு வழி செய்தாக வேண்டும். பெண்டாட்டி மேல் இத்தனை கரிசனமா என்று டாக்டருக்கு மனம் குளிர்ந்தது.

"குழாய்னா உடனே வேலை செய்யும், ஆனா கிருமி தொத்தலாம். கையில ரத்தக்குழாய்களை இணைச்சுட்டா பாதுகாப்பு. அது தயாராக மூணு மாசம் ஆகும், வயசானவங்களுக்குப் பலிக்காமலும் போகலாம். உங்களுக்கு வலது கைதான் தோதா இருக்கும்மா. ஆனா அதுக்கப்புறம் அந்தக் கையால வாளி, குக்கர்னு கனமா எதையும் தூக்கக் கூடாது."

அதுவரை வாய் திறக்காத மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கையிலயே பண்ணிடுங்க டாக்டர்."

கணவரின் முகம் தொங்கிப்போனது.

மூன்று மாதம் கழித்து அவள் மட்டும் உள்ளே வந்தாள். விரலில் பிளாஸ்திரியோடு கணவர் வெளியே உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவள் கையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பலிக்கலம்மா. கழுத்துல குழாய்தான் போடணும். வருத்தப்படாதீங்க, இனிமே இந்தக் கையால நீங்க பழையபடி எல்லா வேலையும் செய்யலாம்."

அவள் எழுந்துபோய்க் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

"குழாயே போட்டுடுங்க டாக்டர். கடைசியாச் சொன்னதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. இப்பத்தான் மனுஷனுக்கு உப்பு, உறைப்பு பிடிபட்டிருக்கு."