நாலாவது சுவிட்ச்

"முதல்ல உங்க கடை போர்டைக் கழட்டிக் குப்பையில போடுங்க மேடம்! இதுக்குப் பேரு அலாரமா?"

கார்க்காரர் போட்ட சத்தத்துல நான் தைச்சிட்டிருந்த சீட் கவர்ல தையலே கோணிப்போச்சு. மிஷினை நிறுத்திட்டு எட்டிப் பார்த்தேன். போன வாரம் எங்க கடையில காருக்குத் திருட்டு அலாரம் மாட்டிட்டுப் போனவர். முகம் மிளகாப்பழமா சிவந்து நிக்கிறார்.

முதலாளியம்மா பதறிப்போய் எழுந்தாங்க. "உட்காருங்க சார். என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? காரை ரிமோட்ல பூட்டிட்டு ஒரு வேலையா உள்ளே போனேன். போன வேலை முடியலை, அலாரம் கத்துது. ஓடி வந்து பார்த்தா முன் கதவு ஆன்னு திறந்து கிடக்கு. தெருவே நின்னு வேடிக்கை பார்க்குது!"

"பூட்டை உடைச்சுட்டானுங்களா?"

"உடைக்கவே வேணாமே! உள்ளே இருக்கிற லாக் சுவிட்சை அழுத்தினா பட்டுனு திறந்துக்குது. டிரைவருக்குப் பக்கத்து சீட் கதவு. மத்த மூணும் ஒழுங்கா இருக்கு. ரிமோட்ல பூட்டினா நாலு கதவுலயும் உள்சுவிட்ச் செத்துப்போகணும்னு நான் சொன்னேனா இல்லையா?"

சொன்னார். நானும் கேட்டேன். திருடன் கண்ணாடியை உடைச்சுக் கையை விட்டு சுவிட்சை அழுத்திட்டா கதவு திறந்துடும், அதனால அலாரம் வேலை செய்யறப்ப சுவிட்சுக்குக் கரண்டே போகக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போனார். கம்பியை விட்டு இழுத்துடுவாங்கன்னு கதவு மேல இருக்கிற லாக் குமிழைக்கூடக் கழட்டச் சொன்னார். பழைய வண்டி அது. குமிழும் இல்லை, சுவிட்சும் இல்லைன்னா உள்ளே இருக்கிற கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் கதவு அசையாது. இவ்வளவு ஜாக்கிரதையான மனுஷனுக்கா இப்படி நடக்கணும்?

"டெஸ்டர்! இங்கே வா!"

எங்க கடை ஒயரிங்காரருக்கு அதான் பேரு. காதுல எப்பவும் டெஸ்டரைச் செருகியிருப்பார். கையைத் துடைச்சிக்கிட்டே வந்து நின்னார்.

"நாலு சுவிட்சையும் அலாரத்தோட சேர்க்கச் சொன்னாரே. ஒண்ணை மறந்துட்டியா?"

"மறக்கலைம்மா. வேணும்னுதான் விட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா முடிஞ்சுபோற விஷயம். கொழுப்பைப் பாருங்க!

கார்க்காரர் குதிச்சார். "கேட்டீங்களா மேடம்? கேட்டீங்களா? கூட்டுக் களவாணி!"

"எதுக்குப்பா அப்படிச் செஞ்சே?"

"அதை சாரையே கேளுங்கம்மா."

"அவரை என்ன கேட்கிறது? உன்னை நம்பித்தானே வண்டியை விட்டுட்டுப் போனார்? உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியா?" முதலாளியம்மா மேசையைத் தட்டினாங்க. வீட்டுக்காரர் போனப்புறம் ஒத்தை ஆளா நிமிர்த்தின கடை. "நாளையிலேருந்து நீ வர வேணாம். கிளம்பு!"

டெஸ்டர் காதுல இருந்ததை எடுத்து மேசை மேல வெச்சார். வீட்டுல பிள்ளைங்க படிச்சிட்டிருக்கு. அந்த நினைப்புகூட இல்லாமக் கல்லு மாதிரி நிக்கிறார். பிழைக்கத் தெரியாத ஜென்மம்னு நான் பல்லைக் கடிச்சேன்.

"இவனை அனுப்பிட்டா ஆச்சா? எனக்குப் போனது போனதுதானே?"

"என்ன சார் போச்சு? சொல்லுங்க. என் தலையை அடகு வெச்சாவது புதுசா வாங்கித் தரேன்."

"அதெல்லாம் நீங்க வாங்கித் தர முடியாது."

"நகையா சார்?"

"இல்லை."

"லேப்டாப்பா?"

"அதெல்லாம் இல்லைங்கிறேனே!"

"போலீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"இதுல போலீஸ் எதுக்கு வரணும்? அந்த நாலாவது சுவிட்சை முதல்ல சரி பண்ணிக் கொடுங்க. இப்பவே!"

முதலாளியம்மா வெளியே போய்க் காரை ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. ஒவ்வொரு கண்ணாடியையும் தடவிப் பார்த்தாங்க.

"கண்ணாடியை மாத்திட்டீங்களா சார்?"

"எதுக்கு மாத்தணும்? ஒரு கீறல்கூட விழலையே."

"இறக்கி விட்டிருந்தீங்களோ?"

"நானா? காத்து போற அளவுக்குக்கூட விட மாட்டேன்."

"அப்ப வெளியே இருந்து வந்தவன் உள்ளே இருக்கிற சுவிட்சை எப்படி சார் அழுத்தினான்?"

கார்க்காரர் ரிமோட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார்.

"சொல்லுங்க சார். காருக்குள்ள யாரு இருந்தா?"

"வேற யாரு இருப்பா? என் பொண்டாட்டிதான்!" அவருக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலை. "போற இடத்துக்கெல்லாம் இழுத்துட்டுப் போக முடியுமா? பூட்டி வெச்சுட்டுப் போனாத்தான் ஒழுங்கா இருப்பான்னு உங்க ஆளுகிட்டயே சொன்னேனே. அலாரம் மாட்டின அன்னைக்கு இதே இடத்துல உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சா அழுத்திப் பார்த்துட்டு, 'ஒண்ணும் திறக்கலைங்க'ன்னு என்கிட்டயே சொன்னா, அமுக்குணி! இப்ப அவ அக்கா வீட்டுல போய் உட்கார்ந்துக்கிட்டு வர மாட்டேங்கிறா. உங்க ஆளு ஒழுங்கா ஒயர் கொடுத்திருந்தா போயிருப்பாளா?"

எனக்கு வாய்ல வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

முதலாளியம்மா டெஸ்டர் பக்கம் திரும்பினாங்க. அப்பவும் அதே கோபம்தான்.

"ஏம்ப்பா, ஒண்ணே ஒண்ணை மட்டும் ஏன் விட்டே? நாலையும் விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"