இருக்கக் கூடாத பட்டை

செம்பூர் ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் கணினித் திரை மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. ஷைஸ்தா அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். செல்லுக்குள் புரதங்களின் மேல் ஒட்டிய 'இதை அழி' என்ற சீட்டைக் கழற்றிவிடும் நொதி ஒன்று உண்டு. அந்த நொதி இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்புப் பட்டை காட்டுவதுதான் அவளுடைய ஆன்டிபாடியின் வேலை. மூன்று வருட ஆராய்ச்சியும் அதை நம்பித்தான். இன்று அந்த நொதியையே அடியோடு நீக்கிய செல்களைக் கடைசி வரிசையில் வைத்துச் சோதித்தாள். அங்கேயும் அதே பட்டை, அதே கறுப்பு. ஏசி உறுமுகிறது. கையுறைக்குள் விரல்கள் வியர்க்கின்றன. ஆன்டிபாடிக் குப்பியைச் சுவரில் வீசியடிக்கலாம் போல் வருகிறது அவளுக்கு.

வழிகாட்டி வசுமதி பின்னால் வந்து நின்று பார்க்கிறார். "கடைசி வரிசையை வெட்டிட்டுப் படத்தை அனுப்பிடு. யாரு கேக்கப் போறா?"

"அப்பம் மூணு வருசமா நாம எதைப் பாத்துக்கிட்டு இருந்தோம், மேடம்?"

"பேப்பர் அக்செப்ட் ஆயிடுத்து. இப்போ போய் தமாஷா பண்ணாதே."

"தமாஷா நான் பண்ணல. இதை நம்பி நாளைக்கு எவனாவது மருந்து செய்வான்."

ஷைஸ்தா ஆய்வுப் பத்திரிகைக்கான மின்னஞ்சலில் முழுப் படத்தையும் சேர்க்கிறாள். 'நாங்கள் கண்டது அந்த நொதி அல்ல' என்று ஒரே வரி தட்டுகிறாள். "உன் பிஎச்டி போயிடும்டி!" வசுமதியின் கை மவுஸின் மேல், அவள் விரல்களின் மேல் விழுந்து இறுகுகிறது. ஷைஸ்தா அந்தக் கையோடு சேர்த்தே 'அனுப்பு' பொத்தானை அழுத்துகிறாள்.