இடிக்காத அம்பு

மறுபடியும் இடப்பக்கம்தான் போனது அம்பு.

குறிக்காகப் பலா மரத்தில் அப்பியிருந்த சாணி உருண்டை சீண்டுவாரில்லாமல் இருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

தோள் பிசகிய பிறகு பழைய வில்லை அவனால் இழுக்க முடியவில்லை. சீவிச் சீவி அதை இளக்கியிருந்தான். இப்போது கை இழுக்கிறது. அம்பு போகிற இடம்தான் கண்றாவி.

வெயில் தாழ்ந்தால் பன்றி கேழ்வரகுக்குள் இறங்கும். நேற்றே பாதிக் கொல்லை போயிற்று. மிச்சமும் போனால் மழைக்காலம் முழுக்க வீட்டில் பட்டினிதான்.

“எங் கண்ணு போச்சு, கெம்பி,” என்றான் மனைவியிடம்.

“கண்ணுக்கு என்ன கேடு? அம்பு கெளம்பறப்ப வில்லுல டக்குனு இடிக்குது. காது கேக்கலையா?”

கேட்டிருக்கிறது. நாண் சத்தம் என்று நினைத்திருந்தான்.

அவள் ஒரு அம்பை முழங்காலில் வைத்து அழுத்தினாள். அது அசையவில்லை. கத்தியை எடுத்து மூங்கிலைச் சீவினாள். அழுத்தினாள். மறுபடியும் சீவினாள்.

விறைத்த அம்புதான் அம்பு என்பது அந்த மலையில் எல்லாருக்கும் எண்ணம். வளைகிற குச்சி கோழி விரட்டத்தான். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான்.

அவள் நீட்டியதை வாங்கி, நாணில் வைத்து இழுத்து விட்டான்.

சத்தமே இல்லை.

வில்லைத் தாண்டும்போது அம்பு நெளிந்தது. தண்ணீர்ப் பாம்பு கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி, வில்லைத் தொடாமல் ஒதுங்கி, அப்புறம் நிமிர்ந்தது.

சாணி உருண்டை இரண்டாகப் பிளந்தது.

அம்மாடி! அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வளைந்து கொடுத்தல்லவா நேரே போயிருக்கிறது! இத்தனை வருஷம் எய்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே.

“இன்னொண்ணு சீவு, தாயே,” என்றான்.

பொழுது சாய்கையில் பன்றி இறங்கியது. கதிரில் வாய் வைக்கும் முன்பே விழுந்தது.

ஊரே கூடியது பங்கு போட. அந்த மலையில் பன்றியின் ஈரல், எய்தவனுக்குக் கிடையாது, அம்பைச் சீவியவனுக்குத்தான். ஊர் மூப்பன் அதைத் தேக்கிலையில் வைத்து நீட்டினார்.

“யாருப்பா சீவினது?”

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் இலையை வாங்கி அவர்களைத் தாண்டி நடந்தான். பெண்கள் நிற்கிற பக்கம் அந்த இலை இதுவரை போனதில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவன் நிற்கவில்லை.

“பிடி கெம்பி, சூடு ஆறிடப் போகுது.”