ஊமை பாவ்லா கூவுகிறாள்

இத்தாலியின் எல்லை ஊரான கொரீட்சியாவின் சந்தையில் மே மாத வெயில் செர்ரிக் கூடைகளின் மேல் பளபளக்கிறது. முசோலினியின் பாசிசப் படையான கருஞ்சட்டைக்காரர்கள் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். இத்தாலிய மொழிதான் பேச வேண்டும் என்ற கட்டளையை மீறித் தன் தாய்மொழியான ஸ்லோவேனியத்தில் பேசியதற்காக முன்பு இங்கேயே அவர்களிடம் கன்னத்தில் அறை வாங்கிய பாவ்லா, அன்றிலிருந்து எந்த மொழியிலும் வாயே திறக்காமல், விரலால் விலை காட்டி விற்றுவந்தவள். இன்று இடுப்பில் கையூன்றி, "செர்ரி வாங்குங்க! தேனாட்டம் இனிக்கும் செர்ரி!" என்று தன் மொழியில் சந்தை அதிரக் கூவுகிறாள். பக்கத்துக் கடை இத்தாலியக்காரி ஈனெஸின் மடியிலிருந்து வெங்காயங்கள் உருளுகின்றன. "அடிப்பாவி! உன்னை ஊமைன்னுல்ல நெனச்சேன்! எங்க வீட்டுச் சண்டையெல்லாம் உன்கிட்டக் கொட்டினேனே!" பாவ்லா இப்போது, தானாக விரும்பி, இத்தாலிய மொழியிலேயே பதில் சொல்கிறாள்: "எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உன் மருமக மேல ஒரு தப்பும் இல்லடி." ஈனெஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தபடி, கேட்காமலே ஒரு கை செர்ரியை அள்ளிக்கொள்கிறாள்.