வண்டிச் சத்தம்

தேவசகாயத்தின் மின்சார ஸ்கூட்டர் சத்தமே போடாது. வாங்கிய வாரமே சந்தை முன்னால் குறுக்கே வந்த ஒரு பெண்மணி விழப்போனாள்.

“பேய் மாதிரி வர்றியே, ஒரு சத்தம் கித்தம் வேணாமா?”

ஹாரனுக்கு அந்தச் சாலையில் யாரும் திரும்பியதில்லை. மறுநாள் முதல் அவர் வாயாலேயே டுர்ர்ர் என்று உறுமிக்கொண்டு போனார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, வேலைக்குப் போகப் பதினொரு கிலோமீட்டர், வரப் பதினொரு கிலோமீட்டர். வேகத்தடையில் உறுமலைத் தணித்து, மேம்பாலத்தில் ஏற்றினார். ஆட்கள் விலகினார்கள்.

ஒரு மாலை தொண்டை வறண்டு வீடு வந்து சேர்ந்தார். வாசலை மறித்து நின்றாள் மனைவி ரோஸ்லின்.

“மாசக்கணக்காச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனா என்னங்க?”

பேசத்தான் வாயைத் திறந்தார். டுர்ர்ர் என்றுதான் வந்தது.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.