மச்சான் போட்ட பூட்டு

பென்டிரைவை மறுபடியும் பிடுங்கி மறுபடியும் செருகினார் கடைக்காரர். லேப்டாப் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

உள்ளே இருந்த விண்டோஸ் செத்துவிட்டது. புது விண்டோஸ் பென்டிரைவில் தயாராக இருக்கிறது. அதிலிருந்து கிளப்பலாம் என்றால், முதலில் பாஸ்வேர்டைச் சொல் என்று வாசலிலேயே மறிக்கிறது இயந்திரம்.

“எதிர்க்கடைலயே குடுத்திருக்கணும். போன வருஷம் அவருதான் பார்த்தாரு,” என்றார் லேப்டாப்புக்குச் சொந்தக்காரரான கணக்கு வாத்தியார்.

எதிர்க்கடை கடைக்காரரின் மச்சானுடையது. மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இங்கேயே தொழில் கற்று, நேர் எதிரே கடை போட்டவன். தன் கைபட்ட லேப்டாப்பை வேறு எவனும் திறக்காதபடி பூட்டி அனுப்புவான். அந்தப் பூட்டுக்கு அவன் வைக்கும் சொல், அக்காள் புருஷனைத் திட்டும் சொல்தான் என்று தெருவே பேசிக்கொண்டது.

இப்போது அவன் தன் கடை வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

லேப்டாப் தெருவைக் கடந்து அவனிடம் போய்விட்டால், நாளைக்குக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதே வீண்.

ஆகவே அவர் தன்னைத் தானே திட்டத் தொடங்கினார்.

மூதேவி என்று தட்டினார். தவறு என்றது திரை. கஞ்சப்பயல். தவறு. மண்டைக்கனம். தவறு.

மூன்று தப்பானால் இயந்திரம் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். அணைத்துக் கிளப்பி, அடுத்த வசைக்குப் போக வேண்டும். கல்யாணப் பந்தலில் மாமனார் முணுமுணுத்ததைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஜென்ம விரோதிகூட அவரை அவ்வளவு சிரத்தையாக ஏசியிருக்க மாட்டான்.

வசைகள் தீர்ந்தன. மனைவிக்குப் போன் போட்டார்.

“உன் தம்பிகிட்ட நைசாக் கேளு. அந்த நாய் எனக்கு என்ன பேரு வச்சிருக்கு?”

“அவன் எங்க வச்சான்? வீட்டுல நாங்க கூப்பிடுறதுதானே,” என்றாள் அவள்.

சொல்லியும் விட்டாள். நிறுத்தி நிதானமாக எழுத்துக்கூட்டினாள். பின்னால் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது.

தட்டினார். திறந்துகொண்டது. பென்டிரைவின் விளக்கு மினுங்க, விண்டோஸ் ஏறத் தொடங்கியது.

பிறகு, பூட்டை ஒரேயடியாக எடுத்துவிடப் போனவரின் கையை வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

“அது இருக்கட்டுங்க, வீட்டுல பையன் நோண்டுறான். பாஸ்வேர்டை மட்டும் சொல்லிடுங்க. கொஞ்சம் சத்தமா.”

எதிர்க்கடையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.