கயிறு விழும் பக்கம்

கயிறு உள்ளே போகும் முன்பே அவளுக்குத் தெரியும், புத்தகம் எங்கே திறக்குமென்று.

நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

பூசையறையில் மனைப்பலகை. அதன் மேல் பட்டு, பட்டின் மேல் பதிகப் புத்தகம். அப்பா சந்தனம் வைத்துப் பூப் போட்டார். அக்கா தையல்நாயகி, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, நிலையோரம் நின்றாள்.

இந்த வீட்டில் முடிவுகளைப் புத்தகம்தான் எடுக்கும். கேள்வியை மனதில் வைத்து, கண்ணை மூடி, மூடிய பக்கங்களுக்குள் கயிறு சாத்த வேண்டும். கயிறு விழுந்த இடத்தில் இருக்கும் பாட்டுதான் உத்தரவு. அதற்கு மேல் பேச்சில்லை.

வயலை விற்றது அப்படி. அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றது அப்படி.

அக்கா தையுவின் கல்யாணமும்.

இன்றைய கேள்வி இளையவளான அவளுடையது. பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். போகலாமா, கூடாதா?

அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். கெஞ்சினால் அவர் கலங்கிப்போவார். "நான் யாரும்மா சொல்லதுக்கு?" என்பார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

அதனால் அவள் புத்தகத்திடம் போனாள்.

ஒன்பது நாட்கள். அப்பா மதியம் தூங்கும் நேரம். ஊர் ஊராக நடந்து போகும் பாட்டு ஒன்று கண்ணில் பட்டது. அடிக்கு அடி அடுத்த ஊருக்குக் கிளம்பும் பாட்டு. அந்தப் பக்கத்தை விரித்து, உள்ளங்கையால் அழுத்தி, மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைத்தாள். மூன்றாம் நாள் பழைய பைண்டிங் முறிந்தது. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சின்னச் சத்தம்.

பிறகு சோதித்தாள். கண்ணை மூடி, கயிறு சாத்தி, இருபது முறை.

பதினேழு முறை அதே பக்கம்.

ஆய்வகத்தில் இதை யாரும் மெச்ச மாட்டார்கள். இங்கே போதும்.

தையு ஒருநாள் பார்த்துவிட்டாள். குழவியை அல்ல. புத்தகத்தின் முன் தங்கை குனிந்திருந்ததை.

"என்னட்டி, கோயிலுக்குக் கூப்பிட்டா செருப்புக்குக் காவல் நிக்கவ, இப்பம் பதிகம் படிக்கே?"

சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். ஆனி மாதம் புருஷன் வீட்டிலிருந்து வந்த நாள் முதலாக அந்தப் பழக்கம். முன்பல் ஒன்று அந்த வீட்டிலேயே போய்விட்டது.

இப்போது அப்பா கயிற்றை நீட்டினார்.

"நீயே சாத்தும்மா. பதிகம் படிக்கியாமே. தையு சொன்னா."

குரலில் பெருமை இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்ணை மூடினாள். சாத்தினாள்.

நானூற்றுப் பன்னிரண்டு.

அப்பா பாட ஆரம்பித்தார். மூன்றாவது அடியில் குரல் உடைந்தது. அவர் கை நடுக்கம் நின்றுவிட்டதை அவள் கவனித்தாள். பெங்களூர்ச் சேதி வந்த நாள் முதலாகச் சோறு பிசையும்போதுகூட நிற்காத நடுக்கம். தன் தலைச்சுமையை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

வெறும் தாள், நூல், பசை.

"போயிட்டு வாம்மா," என்றார். "அவனே சொல்லிட்டான்லா."

திங்கட்கிழமை. அவள் மூச்சு விட்டாள்.

அப்பா புத்தகத்தை மூடினார். ஆனால் கயிற்றைச் சுற்றி வைக்கவில்லை.

"இவ்வளவு தெளிவா உத்தரவு வந்து எத்தனையோ வருசமாச்சு. உனக்கு நல்ல கை. கையோட அக்கா காரியத்தையும் கேட்டுருவோம்."

நிலையோரம் தையு நிமிர்ந்தாள். அப்பா கயிற்றை மறுபடி நீட்டினார்.

"மாப்ள சாயந்தரம் கூட்டிட்டுப் போக வாராகளாம். நாலு மாசமா எனக்குக் கேக்கப் பயம். போகணுமா, இங்கனயே இருக்கட்டுமா? அவனே சொல்லட்டும்."

தையு உள்ளே வந்தாள். தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கை கூப்பினாள். அவள் வாயை எதுவும் மறைக்கவில்லை.

"அப்பா," என்றாள் தங்கை.

"என்னம்மா?"

செய்ததைச் சொன்னால் திங்கட்கிழமை இல்லை. அதுகூடப் போகட்டும். சொன்னால், இது தாளும் பசையும் ஆகிவிடும். அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றது யார் என்று அப்பா தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிவரும். இந்த வயதில். அதே கைகளோடு.

வேறு இடத்தில் சாத்தலாம். எங்கே? ஆயிரம் பக்கங்களில், இருக்கச் சொல்லும் பாட்டு எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

அவள் படித்தது ஒரே ஒரு பாட்டு.

"எங்க விழுந்தாலும் எனக்குச் சம்மதம்ட்டி," என்றாள் தையு, கண் திறக்காமல். "நீ சாத்து."

கயிறு அவள் கையில் இருந்தது. இருபதில் மூன்று.

புத்தகத்தின் விளிம்பைப் பார்த்தாள். மூடிய பிறகும் ஓரிடத்தில் மட்டும் பக்கங்கள் சேரவில்லை. மயிரிழை இடைவெளி.

அதன் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

விரலை எடுத்தாள்.

அது மெல்ல மறுபடியும் திறந்துகொண்டது.